பாம்புக்கு எண்ணெய் முழுக்கு

எனக்குப் பாம்பென்றால் பயமில்லை. சொந்தக்காரர் என்றால்தான் பயம். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, இருபத்தேழு வயதில், நான் ஒரு பாம்பை வாங்கி வீட்டில் வைத்ததற்கு உண்மையான காரணம் இதுதான். வெளியில் சொன்ன காரணங்கள் வேறு. "ஊர்வன பற்றிய அறிவியல் ஆர்வம்" என்று சிலரிடம் சொன்னேன். "நாய் வளர்த்தால் குரைக்கும், கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்" என்று வேறு சிலரிடம் சொன்னேன். இப்போது எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில், காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கத்துகிற வேலை. காலை ஒன்பது மணிக்கு "இப்போது கேட்கிறதா?" என்று தொடங்கினால் மாலை ஆறு மணி வரைக்கும் அதே கேள்விதான். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அங்கே எங்கள் சனம். எங்கள் வீட்டில் இரகசியம் பேசினாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஆகவே சண்டை பிடித்து, அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து (பிஸ்கட் சாப்பிட்டேன், அது கணக்கில் வராது), நாலாம் மாடியில் தனியாக ஒரு ஃபிளாட் எடுத்தேன். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. அம்மா அப்பா வீட்டிலிருந்து தொங்கு ரயிலில் மூன்று தரிப்பு தூரம்.

மூன்று தரிப்பு காணாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. "ஆபத்து அந்தரத்துக்கு ஒரு திறப்பு என்னட்டை இருக்கட்டும்" என்று சொல்லி அம்மா ஒரு சாவியை வாங்கி வைத்திருந்தா. ஆபத்து அந்தரம் கிழமைக்கு நாலு தரம் வந்தது. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பருப்புக் கறியாக வந்தது, கத்தரிக்காய்ப் பொரியலாக வந்தது. ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், அம்மாவும் ராணிச் சின்னம்மாவும் என் கட்டிலில் சம்மணம் கட்டியிருந்து, என் உடுப்பு அலுமாரியைக் கொட்டி, மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. அவ என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் இண்டைக்குப் பிந்தினீ?" என்று கேட்டா, என் சொந்த வீட்டில் வைத்து.

அந்தக் கணத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. சின்னம்மாவுக்குப் பாம்பென்றால் உயிர் போகும். தொலைக்காட்சியில் பாம்பு வந்தாலே காலைத் தூக்கிக் கதிரையில் வைக்கிற ஆள். அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தவுடன் முகத்துக்கு நேரே ஒரு பாம்பு இருந்தால் ஒரு சனமும் உள்ளே வராது. சத்தமும் போடாது. எனக்கென்று செய்த செல்லப்பிராணி.

மூன்று ஜெர்மன் புத்தகங்கள் படித்தேன். பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். முதன்முறை பாம்பு வளர்ப்பவர்கள் சோளப் பாம்பு வாங்க வேண்டும், அதுதான் சாது, எதையும் தாங்கும் என்று மூன்றும் சொல்லின. சரி, சோளப் பாம்பு என்று முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரத்தில் நடந்த ஊர்வனச் சந்தைக்குப் போனேன். பெரிய மண்டபம், வரிசை வரிசையாக மேசை, மேசை முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் பல்லியும் பாம்பும். சோளப் பாம்பு மேசைக்குப் போகிற வழியில்தான், பாம்பு வளர்த்து விற்கிற ஃபிராவ் லின்டேயின் மேசை இருந்தது.

ஃபிராவ் லின்டேக்கு அறுபது வயதிருக்கும். பின்னல் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. அவர் ஒரு பெட்டியைத் திறந்து, யாருக்கோ காட்டுவதற்காக ஒரு பாம்பை வெளியே எடுத்தார். ஒரு வருடக் குட்டி. மண்ணிறம், முதுகில் கறுப்பு வளையங்கள், பார்த்தால் பழைய இடுப்புப் பட்டி மாதிரி. அதை அவர் யன்னல் பக்கம் திருப்பினார். ஐயோ! அந்த மண்ணிறத்துக்கு மேலே நீலமும் பச்சையும் ஊதாவும் ஓடின. உடம்பு அசைய அசைய நிறமும் அசைந்தது. கூறைச் சேலையை வெளிச்சத்தில் திருப்பினால் இரண்டு நிறம் தெரியுமே, அப்படி. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

"வானவில் போவா. பிரேசில் காட்டு இனம்" என்றார் ஃபிராவ் லின்டே.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவிடமிருந்து தப்புவதற்குப் பாம்பு வாங்கப் போன நான், அம்மா சேலை வாங்குகிற மாதிரியே பாம்பு வாங்கினேன். "யன்னலடியில் ஒருமுறை காட்டுவீர்களா?" என்று கேட்டேன். வாசலடி வெளிச்சத்திலும் பார்த்தேன். பிறகு, வாய் கூசாமல், "இதே டிசைனில் கொஞ்சம் கடும் நிறத்தில் இருக்கிறதா?" என்றும் கேட்டேன்.

ஃபிராவ் லின்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது உங்கள் முதல் பாம்பா?"

"ஆம்."

"அப்படியானால் இது வேண்டாம். அங்கே சோளப் பாம்பு இருக்கிறது."

நான் கெஞ்சினேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படி விசாரிக்க மாட்டார்கள். வீடு எவ்வளவு பெரிது, லீவில் போனால் யார் பார்ப்பது, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார். பிறகு விரல் மடித்துச் சொன்னார். இந்தப் பாம்புக்கு வேண்டியது சூடு இல்லை, ஈரம். காற்று காய்ந்தால் இது செத்துப்போகும். பெரிய கண்ணாடி மாளிகை வேண்டாம், மூடின சின்னப் பெட்டி, ஈரப் பாசி, இருட்டு. சூடு அளவோடு. "எல்லாவற்றையும்விட முக்கியம், அமைதி. புது இடத்துக்கு வந்த பாம்பை விட்டுவிட வேண்டும். பார்க்காதீர்கள், தூக்காதீர்கள், திறக்காதீர்கள். அதுவாகவே சாப்பிடும்."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். உண்மையில் அந்த ஊதா எந்தக் கோணத்தில் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டு அட்டையைக் காட்டினார். எந்தெந்தத் தேதியில் எலிக்குஞ்சு சாப்பிட்டது என்று எழுதியிருந்தது. கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சில் சத்தம் இருக்கிறதா, தோல் வழவழப்பாக இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்வளவு நீளத்துக்கு வளரும்?"

"ஒரு ஆள் உயரத்துக்கு."

"நல்லது!" என்றேன், சின்னம்மாவை நினைத்து.

பாம்புக்குப் பட்டு என்று பெயர் வைத்தேன். வீடும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். யாரோ பாவித்து விற்ற கண்ணாடிப் பெட்டி, குளிர்பெட்டி அளவு, மேலே கம்பி வலை, அதற்கு மேலே விளக்கு. ஃபிராவ் லின்டே சொன்ன எல்லாவற்றுக்கும் நேரெதிர். ஆனால் வாசல் கதவைத் திறந்தால் நேரே தெரிய வேண்டுமே! அதனால் அதைத்தான் வைத்தேன். ஈரத்துக்கு ஒரு நனைந்த துவாயை உள்ளே போட்டு, ஈரம் அளக்கிற மீற்றரையும் ஒட்டினேன். அதை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குத் தொலைபேசி வந்தது. அம்மா. நான் அலறலை எதிர்பார்த்துக் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"தர்சி, உன்ர வீட்டில ஒரு பாம்பு படுத்திருக்கு."

"ஓம் அம்மா. பயந்திட்டீங்களோ?"

"நான் ஏன் பயப்பிடுறன்? ஊரில பங்கருக்குள்ள எத்தினை பாம்போட இருந்தனாங்கள். மேல குண்டு, கீழ பாம்பு. உது புழு." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாக, "அது சாப்பிட்டுதோ?" என்று கேட்டா.

என் திட்டம் அந்த நிமிடத்திலேயே செத்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த நாள் அப்பா வந்தார். அப்பா அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். அவருக்குக் கடவுளுக்கு அடுத்தது காகிதம். பாம்பைக் குனிந்தும் பார்க்கவில்லை. "உதுக்குப் பேப்பர் இருக்கோ?" என்று கேட்டார். ஃபிராவ் லின்டே தந்த பிறப்பிட அத்தாட்சியை நீட்டினேன். முத்திரை, கையெழுத்து, பிறந்த தேதி, எல்லாம் இருந்தன. இரண்டு தரம் வாசித்தார்.

"நான் என்ர பேப்பருக்கு எட்டு வருசம் நிண்டனான். இவர் பிறக்கேக்கயே பேப்பரோட பிறந்திருக்கிறார்." அன்றிலிருந்து பாம்பு அவருக்கு 'அவர்' ஆகிவிட்டது. மறுநாள் ஒரு புதுக் கோப்பு வாங்கி, முதுகில் 'பட்டு' என்று எழுதி, அத்தாட்சியையும் சாப்பாட்டு அட்டையையும் துளையிட்டுக் கோத்து வைத்தார். என் பள்ளிக்கூட றிப்போட்டுகளுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அரைநாள் வேலை. முதல் வெள்ளி, உறையவைத்த எலிக்குஞ்சை இளஞ்சூட்டு நீரில் இளக்கி, குறட்டால் பிடித்து நீட்டினேன். பட்டு தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் வெள்ளி நீட்டினேன், எழும்பி மற்ற மூலைக்குப் போனது. மூன்றாம் வெள்ளி என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா கோப்பில் மூன்று தேதியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 'உண்ணவில்லை' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

அம்மா அந்தப் பக்கத்தைக் கவனமாகப் பார்த்தா. "எல்லாம் வெள்ளிக்கிழமை."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமையில மச்ச மாமிசம் குடுத்தா எப்பிடிச் சாப்பிடும்? வியாழன் குடுத்துப் பார்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், மூன்று புத்தகம் படித்தவள், எனக்கே சொல்கிறாவே! அடுத்த கிழமை வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு எலிக்குஞ்சை நீட்டினேன். (அம்மாவுக்குச் சொல்லவில்லை.) வியாழனும் சாப்பிடவில்லை.

எங்கள் சனத்துக்கு ஒருவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லுங்கள், தாங்குவார்கள். ஒருவர் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். "தர்சியின்ர பாம்பு ஒரு மாதமாச் சாப்பிடேல்லையாம்" என்ற செய்தி கோயிலிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து டோர்ட்முண்ட் நகரம் வரைக்கும் போனது. சொந்தக்காரரைத் துரத்த வாங்கிய பாம்பை, சுகமில்லாத ஆளைப் பார்க்க வருகிற மாதிரிச் சொந்தக்காரர் பார்க்க வந்தார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் நான் வேலைக்குப் போன பிறகு வந்து, மூடியைத் திறந்து, "ஏன் ராசா, என்ன மனவருத்தம்?" என்று விசாரித்துவிட்டுப் போனா. அப்பா வேலைக்குப் போகிற வழியில் ஒருதரம், வருகிற வழியில் ஒருதரம். சின்னம்மா மட்டும் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, கையில் திராட்சைப்பழப் பையோடு, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினா. "தர்சீ! இப்ப எப்பிடி இருக்காம்?"

ஒருநாள் வீட்டுக்கு வந்தால் உள்ளே அடுப்படி மாதிரிக் கொதிக்கிறது. அறையைச் சூடாக்குகிற ஹைசுங் ஐந்தில் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் கம்பளிச் சால்வை, அதற்குள் பட்டு.

"அம்மா, என்ன இது?"

"பிரேசில் சூடான இடமெல்லோ? எங்களுக்கு இஞ்ச வந்த புதிசில பல்லுக் கிடுகிடுத்துது. அதுக்கும் அப்பிடித்தானே இருக்கும். சூடு காணாது பிள்ளை."

இதில் நான் அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஃபிராவ் லின்டே "ஈரம், ஈரம்" என்று தொண்டை வறளச் சொன்னதை மறந்து, "ஓம், பாவம்" என்று சால்வையை ஒழுங்காகப் போர்த்துவிட்டவளும் நான்தான். காய்ந்த காற்றில் பட்டு மங்கத் தொடங்கியது. கண் பால்படிந்த மாதிரி வெளிறியது. சட்டை உரிக்கப் பார்த்தது, முடியவில்லை. பழைய தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. வானவில் எங்கேயோ போய்விட்டது.

அப்போதுதான் முதன்முறை பயந்தேன். இது விளையாட்டில்லை, ஒரு உயிர். சின்னம்மாவைப் பயமுறுத்துவதற்காகக் காசு கொடுத்து வாங்கி வந்து, கண் முன்னால் சாகடிக்கப்போகிறேன். கடையில் ஒரு கிழவருக்குக் கருவியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்து, சத்தமில்லாமல் அழுதேன்.

"மகளே" என்றார் கிழவர், "இந்தக் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் அழுவது தெளிவாகக் கேட்கிறது."

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையிலிருந்து ஃபிராவ் லின்டேக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்தது. அம்மா. கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். பின்னால் மாடிப்படியில் சின்னம்மா.

"தோல் காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கு. கண் வெளிறி நிக்குது. உடம்பு முழுக்கச் சூடு" என்றா அம்மா, வைத்தியர் மாதிரி. "இண்டைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் வைச்சு முழுக வாப்பம்."

வாசகர்களே, அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உங்களுக்கென்ன விசரோ அம்மா? பாம்புக்கு எண்ணெய் வைக்கிறதோ?' என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று புத்தகத்தையும் எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "கொஞ்சம் சூடாக்கட்டோ அம்மா?"

சூடாக்கினேன். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தேன், குழந்தைக்குப் பார்ப்பதுபோல. நான் குளியலறையில் பட்டுவைப் பிடித்துக்கொள்ள, அம்மா கையில் எண்ணெயை ஊற்றி, தலையிலிருந்து வால் வரைக்கும் நீவினா. "இப்ப பார், எல்லாச் சூடும் இறங்கும். பசிக்கும். என்ர குஞ்செல்லோ." பட்டுவும் அசையாமல் இருந்தது. சுகமாக இருக்கிறது என்று நினைத்தோம். பாவம், அதிர்ச்சியில் இருந்திருக்கும்.

சின்னம்மா வாசலுக்கு வெளியே நின்று கட்டளை போட்டா. "கண்ணுக்க விடாதேங்கோ அக்கா! காதுக்க ரெண்டு துளி விடுங்கோ!"

"பாம்புக்குக் காதில்லை சின்னம்மா!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த துறை அது ஒன்றுதானே.

"காதில்லையோ? அப்ப உன்ர கடைக்குக் கூட்டிக்கொண்டு போவன்!"

நான் சிரித்தேன். சிரித்ததில் கை இளகிவிட்டது. எண்ணெய் பூசின பாம்பைப் பிடித்துப் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன், பிடிக்கவே முடியாது. என் கையிலிருந்து வழுக்கி அம்மா கைக்குப் போனது. அம்மா இறுக்கினா, இன்னும் வேகமாக வழுக்கிக் கழுவுதொட்டிக்குள் விழுந்தது, அங்கிருந்து நிலத்துக்கு. குளியல் தொட்டியின் ஓடு பதித்த பக்கச் சுவரில், குழாய் பார்ப்பதற்கென்று ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதன் மூடி உடைந்து மூன்று மாதம். 'அடுத்த கிழமை திருத்துவம்' என்று நான் விட்டுவைத்திருந்தேன். பட்டு அந்தத் துவாரத்துக்குள் தலையை விட்டது. நான் பாய்ந்து வாலைப் பிடித்தேன். வால் என் விரல்களுக்குள்ளால் மெதுவாக, எண்ணெயாக, நழுவி உள்ளே போய்விட்டது.

"ஓடிப்போட்டுது!" என்று அம்மா கத்தினா.

எங்கே போனது என்று சின்னம்மா கேட்கவில்லை. தன்னிடம்தான் வருகிறது என்று முடிவெடுத்துவிட்டா. நாலு மாடியையும் இறங்கி, ஒற்றைச் செருப்போடு தெருவுக்குப் போய், தரிப்பிடத்தில் நின்றுதான் மூச்சு விட்டாவாம். மற்றச் செருப்பு மூன்றாம் மாடியில் கிடந்தது.

நான் எண்ணெய் நிலத்தில் குப்புறப் படுத்து டோர்ச் அடித்தேன். தொட்டிக்கு அடியில், சுவரோரம், கழிவுக் குழாயைச் சுற்றிக்கொண்டு பட்டு கிடந்தது. கை எட்டாது. அழைத்தவுடன் அப்பா கருவிப் பெட்டியோடு வந்தார். (கோப்பும் கொண்டுவந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.) அவரும் படுத்து, நாலு பக்கமும் டோர்ச் அடித்து, சுவர் முழுக்கப் பூசியிருக்கிறது, வேறு ஓட்டை இல்லை, வேறெங்கும் போகாது என்று உறுதியாகச் சொன்னார். ஓடு பதித்த சுவரை உடைத்தால்தான் எடுக்கலாம். உடைத்தால் பாம்பு நசியலாம். அம்மா அழத் தொடங்கினா. "நான்தான் கொல்லப் போறன். வாயில்லாச் சீவனை நான்தான்..." எனக்கும் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபிராவ் லின்டே திருப்பி அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி மாளிகை, ஹைசுங், சால்வை, ஒரு நாளைக்கு நாலு பேர் மூடியைத் திறந்தது, கடைசியில் எண்ணெய்.

"எண்ணெயா?"

"நல்லெண்ணெய்."

"நீங்கள் பாம்பு வளர்க்கிறீர்களா, சலாட் செய்கிறீர்களா?"

அவர் இப்போது பாம்பு இருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டார். இருட்டா? இருட்டு. ஈரமா? தொட்டிக்கு அடியில் எப்போதும் ஈரம்தான். குழாய் இளஞ்சூடா? ஓம். ஒடுக்கமா? மிகவும். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த முதல் நல்ல இடம் அதுதான். விட்டுவிடுங்கள். துவாரத்தடியில் எலிக்குஞ்சை வையுங்கள், விளக்கை அணையுங்கள், கதவைச் சாத்துங்கள், எல்லோரும் வெளியே போங்கள். யாருமே பார்க்கக் கூடாது."

நான் தமிழில் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றா. "ஒரு மாதமாச் சாப்பிடாத பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போறதோ? என்னால ஏலாது. நான் இதிலேயே இருக்கிறன். நீங்கள் போங்கோ."

"இருந்தா அது சாப்பிடாது அம்மா."

"நான் சத்தம் போட மாட்டன். சும்மா பாத்துக்கொண்டிருப்பன்."

அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னார். "பாத்தாத்தான் சாப்பிட ஏலாது."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"நான் இஞ்ச வந்த புதிசில, அகதி விடுதியில, ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. ஒரு அறைக்க எட்டுப் பேர். எல்லாம் நல்ல பெடியள். 'சாப்பிடு அண்ணை, சாப்பிடு அண்ணை' எண்டு வாயையே பாத்துக்கொண்டு இருப்பாங்கள். ஒருத்தன் ஊட்டியும் விடப் பாத்தவன். ஒருநாள் எல்லாரும் பேப்பர் அலுவலா வெளிக்கிட்டுப் போட்டாங்கள். நான் லைற்றை நூத்து இருட்டாக்கிப்போட்டு, கட்டிலில இருந்து, ஒரு முழுப் பாணும் தனியத் திண்டனான்." வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். "மிச்சம் வைக்கேல்லை. பேந்து அவங்களுக்கு வேற பாண் வாங்கிக் குடுத்தனான்."

அப்பா அந்தக் கதையை அதற்கு முன் எங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்து மூடினா. "சரி, வெளிக்கிடுங்கோ."

எலிக்குஞ்சை வைத்தோம். விளக்கை அணைத்தோம், ஹைசுங்கைக் குறைத்தோம், கதவைப் பூட்டினோம். அப்பா அம்மாவின் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டார். தனியாக வாழ்வதற்காகச் சண்டை பிடித்து வெளியேறிய நான், என் வீட்டைப் பாம்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, துவாயும் பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு தொங்கு ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போனேன். ஞாயிறு போனது. திங்கள் போனது. இரண்டு நாளும் அந்த வீட்டில் ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. திங்கள் மாலை நான் மட்டும் போய், பழைய எலிக்குஞ்சை எடுத்துப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் வந்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்த எட்டிப் பார்க்காமைதான்.

செவ்வாய் மாலை வேலை முடிந்து போய், குளியலறைக் கதவை மெதுவாகத் திறந்தேன். எலிக்குஞ்சு இல்லை. துவாரத்தடியில் கசங்கின மெல்லிய காகிதம்போல ஏதோ கிடந்தது. பழைய தோல். டோர்ச்சை உள்ளே அடித்தேன். குழாயடியில் பட்டு சுருண்டிருந்தது. நடுவயிற்றில் ஒரு சின்ன மேடு. தோல் முழுக்க நீலம், பச்சை, ஊதா. நான் நிலத்தில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். இந்த முறை சந்தோசத்தில்.

அம்மாவை அழைத்து, "சாப்பிட்டிட்டுது!" என்றேன்.

அம்மா தொலைபேசியை மேசையில் போட்டுவிட்டுச் சாமியறைக்கு ஓடிவிட்டா. அப்பாதான் எடுத்தார். "எத்தினை மணிக்கு?" என்று கேட்டார், கோப்பில் எழுதுவதற்கு.

அப்பா ஃபிராவ் லின்டேயிடம் தானே தொலைபேசியில் கேட்டு, மூடின சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தார். ஈரப் பாசி, பக்கத்தில் ஒரு ஓட்டை, வெளியே ஒன்றும் தெரியாது. துவாரத்தோடு ஒட்டி வைத்தோம். இரண்டாம் நாள் பட்டு தானாக வந்து அதற்குள் படுத்துக்கொண்டது. கண்ணாடி மாளிகையை விற்றுவிட்டேன். இப்போது பட்டு உண்மையிலேயே ஒரு ஆள் உயரம். அதற்கேற்ற பெரிய பெட்டி, அதுவும் மூடினது, அதுவும் ஈரம். கிழமை தவறாமல், வெள்ளிக்கிழமையென்றாலும் பார்க்காமல், சாப்பிடுகிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் இரண்டு வருடம் கழித்து கார்த்திக் வந்தார். தெற்கே எர்லாங்கன் நகரத்தில் எஞ்சினியர், மதுரைக்காரர். நான்தான் கண்டுபிடித்தேன். முதல்முறை அம்மா வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். மேசையில் இடியப்பம், சொதி, இறைச்சிக் கறி, கத்தரிக்காய், சம்பல். மேசையைச் சுற்றி அம்மா, அப்பா, நான், சின்னம்மா. எட்டுக் கண்ணும் அவர் வாயில். அவர் ஒரு இடியப்பத்தைப் பிய்த்து, சாப்பாட்டுத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போடுங்கோ தம்பி, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ" என்றா அம்மா.

"இல்ல ஆன்ட்டி, போதும். நிஜமாவே ஃபுல்லா இருக்கு."

"அவர் ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா!" என்றா சின்னம்மா, அவர் முன்னாலேயே.

அம்மா கறிக் கரண்டியைத் தூக்கினா. அப்பா கையை உயர்த்தி மறித்தார். "விடுங்கோ. புது இடம். ஒருத்தரும் பாக்காதேங்கோ."

எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துவிட்டது. "அப்பா, வேண்டாம்" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! மூவரும் ஒரே நேரத்தில் கதிரையைத் தள்ளி எழும்பினார்கள். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. அப்பா போகிற போக்கில் விளக்கை அணைத்தார். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நாலு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். ஒரு மனிசன் என்னைக் கட்ட வந்த இடத்தில் இருட்டில் தனியாக இருக்கிறார். இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று நினைத்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

கால்மணி நேரம் கழித்து அப்பா கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். இடியப்பத் தட்டு வெறுமை. கறிச் சட்டி வழித்துத் துடைத்தபடி இருந்தது. கார்த்திக் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"சாரி அங்கிள்" என்றார். "காலைல இருந்து ட்ரெயின்ல ஒண்ணுமே சாப்பிடல. எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தீங்களா, இறங்கவே இல்ல."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. அவர் இப்போது பெரிய வேலையில் இருக்கிறார், ஜெர்மன்காரர் பதினைந்து பேர் அவருக்குக் கீழே. ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், சின்னம்மா அவரைப் புதுச் சனத்துக்கு ஒரே மாதிரித்தான் அறிமுகப்படுத்துகிறா, அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி:

"இவர்தான் எங்கட தர்சியின்ர மனுசன். லைற்றை நூத்தாப் பிறகுதான் சாப்பிடுவார்."